போத்தலில் விடாத ஒரு விரல் காற்று

நடந்தவை, வரிசையாக:

1. ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கம் பகல் முழுவதும் மின்சாரம் இருக்காது என்று அறிவித்தல் வந்தது. அந்த வாரம் காலையில் புல்லின் மேல் பனி உறைந்து கிடந்தது.

2. மீன் வளர்க்கும் ஆறு பெண்களுக்கும் கைப்பேசியில் நான்கு வரி அறிவுறுத்தல் அனுப்பினேன்.

3. ரெஜினா அக்கா நான்கையும் செய்தார். மற்ற ஐவரில் யாரும் நான்கையும் முழுதாகச் செய்யவில்லை.

4. புதன்கிழமை நான் அங்கே போகவில்லை. வலப்பனையில் எனக்கு ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது.

5. வியாழன் காலை ரெஜினா அக்காவின் நாற்பது மீன்களில் முப்பத்தெட்டு செத்திருந்தன. மற்ற ஐவரிடமும் சேர்த்து மூன்று.

6. அன்று பிற்பகல் இரண்டு மணிக்குள் அறிக்கை அனுப்பினேன்.

7. அறிக்கையில் நான் எழுதியது பொய்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். இந்த மாதத்தோடு நான் விலகுகிறேன். பயிற்சிக் கோப்பில் எல்லாம் இருக்கிறது: எத்தனை பாகை வெப்பம், எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும், எவ்வளவு தீனி. அதை நான்தான் எழுதினேன், அதில் பிழை இல்லை. அந்தக் கோப்பைத் தலைகீழாகப் பாடம் பண்ணி வைத்திருந்த ஒருத்தி என்ன செய்தாள் என்பது அதில் இல்லை. அதனால்தான் இது.

முதலில் மீனைப் பற்றி. பெட்டா மீனை நம் ஊர்க் கடைகளில் ஃபைட்டர் என்பார்கள். இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றொன்றைக் கிழித்துவிடும். அதனால் விற்பனைக்கு வளர்ந்த ஆண் மீன்களைத் தனித்தனிப் போத்தலில் வைக்கிறோம். அரை லீற்றர் ஜாம் போத்தல். ஒரு மீன் வாழ்நாள் முழுக்க இருக்கத்தக்க இடம் இல்லை அது. விற்கும்வரை சில வாரங்கள் தங்கும் இடம். வீட்டில் ஆசைக்கு வளர்ப்பவர்கள் கேட்டால், பத்து லீற்றருக்குக் குறையாத தொட்டி என்று சொல்லுங்கள்.

இந்த மீனுக்குச் செவுள் உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள், மடிப்பு மடிப்பாக இன்னொரு உறுப்பு இருக்கிறது. மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போகும். அந்தக் காற்றிலிருந்து உயிர்வளியை இந்த உறுப்பு வாங்கிக்கொள்ளும். பொரித்து வந்த குஞ்சுக்கு இது இருப்பதில்லை, சில வாரங்களில்தான் வளரும். அந்த வாரங்களில் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று குளிர்ந்து போனால் குஞ்சுகள் கொத்தாகச் சாகும். ஆகவே தொட்டிக்கு மூடி வேண்டும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளியும் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்தத் திட்டம் கொழும்பில் எழுதப்பட்டது. பெட்டாவுக்குக் காற்று மோட்டர் தேவையில்லை, இடம் அதிகம் தேவையில்லை, ஆகவே தோட்டத் தொழிலாளரின் சிறிய லயத்து அறைக்குப் பொருந்தும் என்று எழுதியிருந்தார்கள். கந்தப்பளையில் காலைத் தண்ணீர் பதினான்கு பாகைக்கு இறங்கும் என்பதும், அந்த மீனுக்கு இருபத்தாறு வேண்டும் என்பதும் வேறொரு பக்கத்தில் இருந்தன. அகலமான பைபர் தட்டில் தண்ணீர் நிரப்பி, சூடாக்கியை அதற்குள் போட்டு, போத்தல்களை அதில் கழுத்தளவு இறக்கி நிறுத்தினோம். மின்சாரம் இருக்கும்வரை அது வேலை செய்தது.

முதல் வருடத்தில் ஒரு அக்கா, கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறேன் என்று போத்தல்களை அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் அடுக்கிவிட்டார். தண்ணீர் நல்ல வெதுவெதுப்பு. ஆனால் விறகுப் புகை. தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம். மீன்கள் மேலே வந்து வந்து வாயைத் திறந்தன. வேறு மீனாக இருந்தால் இந்தப் புகை இவ்வளவு செய்திருக்காது. இது நம்மோடு சேர்ந்து அதே அறைக் காற்றை மூச்சாக எடுக்கும் மீன். கொசுவர்த்தி, மண்ணெண்ணெய், பூச்சி மருந்து எல்லாமே அதற்குள் போகும். அன்று போத்தல்களை இடம் மாற்றினேன், மீன்கள் தேறிவிட்டன. ஏன் என்று யாருக்கும் விளக்கவில்லை. எனக்கு நேரம் இல்லை. "அடுப்புக்கு மேலே வைக்கக் கூடாது" என்று பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போனேன். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. பட்டியலில் வரி சேர்த்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்பினேன்.

ரெஜினா அக்கா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். ஒரு மழை நாளில் மலையில் சறுக்கி முழங்கால் திரும்பிவிட்டது. ஏற்றத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்தில் அவரைத் தேயிலை நர்சரியில் போட்டார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை. நர்சரியை மூடியபோது திரும்ப மலைக்குப் போகச் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் திட்டம் வந்தது. கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தார், வருடத்தில் இரண்டு தரம் வருவார். மீன் இருந்தால் அக்கா மலை ஏற வேண்டியதில்லை. மீன் இல்லாவிட்டால் அந்தக் காலோடு ஏற வேண்டும்.

அவருடைய நாத்தனார் பிலோமினா அதே லயத்தில் அடுத்த காம்பராவில், ஒரு சுவர் தள்ளிய அறையில், இருந்தார். அவருக்கும் ஒரு தட்டு கொடுத்திருந்தோம். இருவரும் ஒரே நாளில் பயிற்சி எடுத்தார்கள்.

"இவங்க தோட்டத்துத் துரைமார் மாதிரி மிஸ்," என்றார் ரெஜினா அக்கா, முதன்முதலாக இரண்டு போத்தல்களைப் பக்கத்தில் வைத்தபோது. மீன்கள் செவுளை விரித்துக்கொண்டு முறைத்தன. "ஒரு பங்களாவுல ரெண்டு பேரு இருக்க ஏலாது."

"துரைமாருக்காவது நம்மளப் பார்த்தா முறைக்கத் தெரியும். இதுங்க கண்ணாடியப் பார்த்தே முறைக்குதே அண்ணி," என்றார் பிலோமினா.

அன்றே ரெஜினா அக்கா கேட்டார்: "இது என்னத்துக்கு மிஸ் சும்மா சும்மா மேல வந்துட்டுப் போவுது? பசிக்குதா?"

எனக்கு இன்னும் பதினொரு படம் காட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. "அது அதோட பழக்கம் அக்கா," என்றேன். அவர் தலையாட்டினார். இந்த மீனைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அனுப்பிய நான்கு வரிகள் இவை. போத்தலில் தண்ணீரை நிறைய வையுங்கள், அதிகத் தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும். வாயைப் பொலித்தீனால் மூடுங்கள், குளிர்க் காற்று படக் கூடாது. தட்டைச் சுற்றிச் சாக்கும் கம்பளியும் போடுங்கள். கரண்ட் வரும்வரை திறக்காதீர்கள், தீனி போடாதீர்கள்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொன்றும் சரி. இப்போதும் தேர்வில் இவற்றை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

ரெஜினா அக்கா உடனே போன் பண்ணினார். நான் வலப்பனை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பாட்டுச் சத்தம்.

"மிஸ், தண்ணிய கழுத்து வரைக்கும் ஊத்தவா, வாய் வரைக்கும் ஊத்தவா?"

"நிறைய ஊத்துங்க அக்கா. கூட இருந்தா சூடு நிக்கும்."

"பொலித்தீன இறுக்கிக் கட்டவா? சும்மா போடவா?"

"இறுக்கிக் கட்டுங்க. காத்துப் போகக் கூடாது."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் மிஸ். நர்சரியில எத்தன வருஷம் கட்டியிருக்கேன்!"

அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. தனக்குத் தெரிந்த வேலையை இந்தத் திட்டம் முதல் தடவையாகக் கேட்கிறது என்ற சந்தோஷம். தேயிலைத் துண்டு நட்ட பாத்தியைப் பொலித்தீனால் மூடி, ஓரமெல்லாம் மண் அணைத்து, ஈரம் வெளியே போகாமல் வாரக்கணக்காக வைப்பார்கள். ஓர் ஓட்டை இருந்தால் இலை வாடிவிடும், வேலை பார்த்தவருக்கு ஏச்சு விழும். அதில் அக்கா கெட்டிக்காரர். அவர் மூடிய பாத்தியை யாரும் திருப்பிக் கட்டச் சொன்னதில்லை என்பார். அந்தக் கையால் நாற்பது போத்தல்களையும் மூடினார். விளிம்பு வரை தண்ணீர். அதன் மேல் பொலித்தீனைப் படியவைத்து, உள்ளே நின்ற குமிழியை விரலால் ஓட்டி வெளியேற்றி, ரப்பர் போட்டு, அதற்கு மேல் நூல் சுற்றிக் கட்டியிருந்தார்.

மாலை ஐந்துக்கு வரும் என்ற மின்சாரம் மறுநாள் காலையில்தான் வந்தது. திறக்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் திறக்கவில்லை.

வியாழன் ஏழு மணிக்கு நான் போனபோது அக்கா கம்பளியை அகற்றிவிட்டுத் தட்டுக்கு முன்னால் நின்றார். அழவில்லை. மீன்கள் எல்லாம் மேலே, வாய் பொலித்தீனை ஒட்டி, துடுப்பு விரிந்தபடி நின்றன. தூரத்தில் பார்த்தால் உயிரோடு இருப்பதுபோல் இருந்தது. நான் ஒரு போத்தலைத் தட்டினேன். ஒன்றும் அசையவில்லை.

இரண்டு போத்தல்களில் மட்டும் மீன் நீந்திக்கொண்டிருந்தது.

"அந்த ரெண்டுக்கும் பொலித்தீன் பத்தல மிஸ்," என்றார். "பழைய சொப்பிங் பேக்க வெட்டிப் போட்டேன். அது கிழிஞ்சிருந்துச்சு. மன்னிச்சிருங்க."

மன்னிப்புக் கேட்டார். உயிரோடு இருந்த இரண்டுக்காக.

என் பையில் வெப்பமானி இருந்தது. போத்தலில் வைத்துப் பார்த்தேன்: இருபத்தொன்று. குறைவுதான். ஆனால் ஒரு நாளில் கொல்லும் குளிர் இல்லை. அடுத்த காம்பராவுக்குப் போனேன். பிலோமினாவின் போத்தல்கள் பாதிக்குச் சற்று மேலே தண்ணீரோடு நின்றன. மேலே ஒரு சாக்கு, அவ்வளவுதான். அங்கே பதினெட்டு. மீன்கள் அடியில் சுருண்டு கிடந்தன, இடையிடையே ஒவ்வொன்றாக மேலே வந்து வாய் திறந்துவிட்டு இறங்கின. இரண்டுதான் செத்திருந்தன.

"நான் சோம்பேறி மிஸ்," என்றார் பிலோமினா. "தண்ணி தூக்க அலுப்பு, கட்ட அலுப்பு. நீங்க சொன்னதுல ஒண்ணுதான் செஞ்சேன். அண்ணி மாதிரி ஒழுங்கா செஞ்சிருந்தா என் மீனும்..." பாதியில் நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ரெஜினா அக்கா நின்றார்.

பிலோமினாவுக்கு அந்த நொடியில் புரிந்தது. எனக்கு அதற்கு ஐந்து நிமிடம் முன்பே, கிழிந்த பையைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது. குளிர்ந்த அறையில் இருந்தவை பிழைத்தன. சூடாக இருந்தவை மூச்சு முட்டிச் செத்தன.

நுவரெலியா அலுவலகத்துக்கு வந்ததும் கொழும்பிலிருந்து திட்டத்தின் மேலதிகாரி, எங்கள் சேர், போன் பண்ணினார். பண்பானவர். சத்தம் போடவில்லை.

"எத்தனை?"

"முப்பத்தெட்டு சேர்."

"ஒரே ஆள்கிட்டயா? அப்ப அது அந்த ஆளோட பிரச்சினை. போர்ம்ல அஞ்சாவது கேள்வி இருக்கு பாருங்க, அத மட்டும் நிரப்பி ரெண்டு மணிக்குள்ள அனுப்புங்க. மீட்டிங்ல கேப்பாங்க."

ஐந்தாவது கேள்வி: பராமரிப்பாளர் அறிவுறுத்தல்களைப் பின்பற்றினாரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். திட்ட விதிப்படி, பாதிக்கு மேல் மீன் இறந்து, பதில் "இல்லை" என்றால், தட்டு வேறு ஒருவருக்குப் போகும். "ஆம்" என்றால் அறிவுறுத்தல் யாருடையது என்ற கேள்வி வரும்.

என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் பொய் எழுதச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் கைப்பேசி இருந்தது, அதில் என் நான்கு வரிகள் இருந்தன. குறிப்புப் புத்தகத்தில் இருபத்தொன்று, பதினெட்டு என்ற இரண்டு எண்கள் இருந்தன. அந்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வெப்பநிலைக்கான கட்டத்தைக் காலியாக விட்டேன். ஐந்தாவது கேள்விக்கு "இல்லை" என்று அடையாளம் இட்டேன். காரணம் என்ற இடத்தில், "குளிர், பராமரிப்பில் கவனக்குறைவு" என்று எழுதினேன். நான்கு வரிகளையும் முழுதாகப் பின்பற்றிய ஒரே ஆளைப் பற்றி.

நெருக்கடியில் என்ன செய்வீர்கள் என்று உங்களை நேர்முகத்தில் கேட்டிருப்பார்கள். என்னையும் கேட்டார்கள். மின்தடை, நோய், திடீர் இறப்பு எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். ஒன்றேகால் மணிக்கு, எல்லாம் முடிந்த பிறகு, அமைதியான ஓர் அறையில், மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வரும் நெருக்கடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் தட்டை எடுக்கப் போனோம். விதிப்படி அதே தோட்டத்தில் சரியாகச் செய்தவருக்குத் தர வேண்டும். பிலோமினாவுக்குப் போனது. அவர் முதலில் வேண்டாம் என்றார். பிறகு, "நான் வாங்காட்டி வேற தோட்டத்துக்குப் போயிரும்ல," என்று வாங்கிக்கொண்டார். ரெஜினா அக்கா தட்டைத் துடைத்து, சூடாக்கியின் வயரைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலிக்குக் கொழுந்து எடுக்கும் ஆட்களோடு மலைக்குப் போனார்.

ஏழு மாதம் கழித்து நான் அவரைப் பார்க்கப் போனேன். மத்தியானம், கொழுந்து நிறுக்கும் நேரம். நிறுத்து முடித்துவிட்டு, முழங்காலில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: மீன் ஏன் மேலே வருகிறது, தண்ணீருக்கு மேல் ஒரு விரல் காற்று விட்டிருந்தால் போதும், அதைச் சொல்லாதது நான், அறிக்கையில் எழுதியது என்ன.

"தெரியும் மிஸ்," என்றார்.

"எப்ப?"

"அன்னைக்கே. பிலோ மீனு பொழச்சுக் கெடந்திச்சே. கிழிஞ்ச பையில இருந்ததும் பொழச்சிச்சு. நான் என்ன படிக்காட்டியும் கண்ணு இருக்கே."

"ஏங்க்கா அப்பவே சொல்லல?"

"சொன்னா எழுதியிருப்பீங்களா?"

அவர் முழங்கால் துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"இப்ப சொன்னீங்கன்னா தட்டு திரும்பி வருமா?"

"கேட்டுப் பார்க்கிறேன் அக்கா. வரும்னு சொல்ல முடியாது."

"அப்ப எதுக்கு மிஸ் வந்தீங்க?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் கால் வைத்து ஏறினார். ஏறி முடிக்க வெகுநேரம் எடுத்தது. நான் கீழே நின்று பார்த்தேன்.

நீங்கள் வேலை தொடங்கும்போது இவற்றைச் செய்யுங்கள். "மூடுங்கள்" என்று சொன்னால் "எவ்வளவு இடைவெளி" என்று சேர்த்துச் சொல்லுங்கள். புதியவருக்கு முதல் நாள் ஒரு மீனைக் காட்டி, அது மேலே வந்து வாய் திறக்கும்வரை அவரோடு உட்கார்ந்திருங்கள். பஸ் போனால் போகட்டும். எப்போதாவது மேலே வந்தால் அது மூச்சு. ஓயாமல் மேலேயே நின்றால் தண்ணீர் கெட்டிருக்கிறது, அதே சூடுள்ள தண்ணீரால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அடியில் சுருண்டு கிடந்தால் குளிர், அப்போது தீனி போடாதீர்கள், செரிக்காது. ஒருவர் போன் பண்ணி விளக்கம் கேட்டால் பஸ்ஸை விட்டு இறங்கிப் பேசுங்கள். சொன்னதை அப்படியே செய்பவரிடம்தான் அதிகம் கவனமாகப் பேச வேண்டும். மற்றவர்களை அவர்களுடைய அலுப்பு காப்பாற்றிவிடும்.

இன்றைய நிலை இது. திருத்திய அறிக்கையை வெப்பநிலை எண்களோடும் என் செய்தியின் பிரதியோடும் செப்டெம்பரில் கொடுத்தேன். கிடைத்தது என்று பதில் வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். தட்டு பிலோமினாவிடம் இருக்கிறது. அவருடைய இரண்டு தட்டிலும் சேர்த்து எண்பது போத்தல். அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்வதில்லை. ரெஜினா அக்கா கிலோவுக்குக் கொழுந்து எடுக்கிறார். சென்ற மாதம் ஒன்பது நாள்தான் அவரால் மலைக்குப் போக முடிந்தது.